பாப்பாவுக்குக் காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தால் வீட்டில் இருக்கும் அண்ணன் என்ன செய்வது?

தம்பி, உன் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் அவர்களுக்குப் புரிய வேண்டும். திருப்பூரில் காம்பவுண்டு வீடு. அப்பா, அம்மா இருவருக்கும் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட். நீ பிளஸ் ஒன். போன வாரம் ஒரு சாயங்காலம் இரண்டரை வயதுத் தங்கைக்கு உடம்பு சுட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. பாட்டி இரும்புச் சாவியை அவள் கையில் திணித்து, கரண்டியை வாய்க்குள் விடப் பார்த்தார். நீ உறைந்துபோய் நின்றுவிட்டாய். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார், வழியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் "காய்ச்சலில் வரும் ஃபிட்ஸ்தான், பயப்பட வேண்டாம்" என்று சொல்லி ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார். மறுபடி வந்தால் என்ன செய்வது, இது என் தப்பா, ராத்திரி தூக்கமே வரவில்லையே என்று கேட்டிருக்கிறாய்.

நான் குழந்தைகள் வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மனதில் உட்கார்ந்திருந்தால் மற்றது எதுவும் உள்ளே போகாது.

"போன் பார்த்துக்கொண்டிருந்தேன், காய்ச்சல் ஏறியதைக் கவனிக்கவில்லை, அதனால்தான் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள சில குழந்தைகளின் மூளை, காய்ச்சலுக்கு இப்படித்தான் பதில் சொல்லும். நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஒரு தடவையாவது வருகிறது. பெரும்பாலும் காய்ச்சலின் முதல் நாளிலேயே வரும். பல வீடுகளில் ஃபிட்ஸ் வந்த பிறகுதான் குழந்தையைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருப்பதையே கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கி வைத்தால் ஃபிட்ஸை நிச்சயம் தடுத்துவிடலாம் என்பதும் கிடையாது. அதை ஆராய்ந்து பார்த்தாயிற்று. பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. நீ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தாலும் அன்று வந்திருக்கும். இது குடும்பத்தில் ஓடுகிற விஷயமும்கூட. அப்பாவுக்கோ சித்திக்கோ, ஏன் உனக்கேகூட, சின்ன வயதில் வந்ததா என்று பாட்டியிடம் கேட்டுப் பார். "அதுக்கும் இப்படித்தான் ஜன்னி கண்டுச்சு" என்று ஏதாவது ஒரு பழைய கதை வெளியே வரும்.

சரி, இனி அந்த சில நிமிஷங்களுக்கு வருவோம்.

முதலில் கண் ஒரு இடத்தில் நிலைகுத்தும், அல்லது மேலே செருகும். கூப்பிட்டால் திரும்பாது. உடம்பு கட்டையாக விறைக்கும். அந்த விறைப்பில் மூச்சு நின்றதுபோல் இருக்கும், உதடு நீலம் பாயும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "குழந்தை போச்சு" என்று நினைப்பது இந்த இடத்தில்தான். நெஞ்சுத் தசையும் விறைத்திருப்பதால் காற்று சரியாக உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அதன்பின் கை கால் வெட்ட ஆரம்பிக்கும், வாயில் நுரையோ எச்சிலோ வழியும், சிறுநீர் போய்விடலாம். பிறகு வெட்டு மெதுவாகிக்கொண்டே வந்து நிற்கும். பெரும்பாலான காய்ச்சல் ஃபிட்ஸ் ஐந்து நிமிஷத்துக்குள் தானாகவே முடிந்துவிடும். நீயோ நானோ டாக்டரோ அதை நிறுத்துவதில்லை. அது நிற்கும்வரை குழந்தைக்கு அடிபடாமலும் மூச்சுக்குழாய் அடைக்காமலும் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை.

அதற்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பாப்பா கட்டிலிலோ நாற்காலியிலோ இருந்தால் தரைக்கு இறக்கு. பாயோ போர்வையோ போதும். பக்கத்தில் இருக்கும் ஸ்டூல், வாளி, அரிவாள்மனை எதுவானாலும் தள்ளிவிடு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவை. மேலே இருக்கும் காலை முட்டி மடக்கி முன்னால் வைத்தால் உடம்பு உருளாது. இடதா வலதா என்று அந்த நேரத்தில் குழம்ப வேண்டாம், எந்தப் பக்கமானாலும் மல்லாக்க இருப்பதைவிட நல்லது. தலைக்கடியில் மடித்த துண்டு. மோவாயை லேசாக மேலே தூக்கிவிடு, கழுத்து மடங்கி மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளக் கூடாது. எச்சிலும் வாந்தியும் தானாக வெளியே வழியட்டும். வாயோரத்தைத் துணியால் துடைக்கலாம், விரல் உள்ளே போக வேண்டாம். கழுத்துப் பட்டன், இறுக்கமான கயிறு, செயின் இருந்தால் தளர்த்து.

உடனே மணி பார். இதைத்தான் யாரும் செய்வதில்லை. எங்களிடம் வரும்போது "எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டால் "அரை மணி நேரம்" என்பார்கள், விசாரித்துப் பார்த்தால் மூன்று நிமிஷமாக இருக்கும். பயத்தில் நேரம் அப்படித்தான் நீளும். உன் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிடு. இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் அவரைக் கொஞ்சம் வீடியோ எடுக்கச் சொல். கேவலமாக நினைக்காதே. இரண்டு பக்கமும் வெட்டியதா, ஒரு பக்கம் மட்டுமா, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் டாக்டருக்கு ஸ்கேனைவிட அந்த வீடியோவில் தெரியும்.

அது எப்போது முடிந்தது என்று தெரிவது எப்படி? வெட்டு நின்றால் மட்டும் போதாது. உடம்பு துவண்டு, கண் மூடி, நீளமாகக் குறட்டைபோல் மூச்சு வாங்கி, உதட்டின் நிறம் திரும்பினால் முடிந்துவிட்டது. கை கால் ஆட்டம் நின்ற பிறகும் கண் திறந்தபடியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், கடிகாரத்தை நிறுத்தாதே.

இப்போது பாட்டி விஷயம். கரண்டி, துணி, உன் விரல், எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில்தான் இதைச் செய்கிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடித்துக்கொண்டால் ஓரத்தில் புண் வரும், சில நாளில் ஆறிவிடும். கரண்டியால் உடைந்த பால்பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு கதை. தண்ணீர், பால், மருந்து, வசம்பு எதையும் ஊற்றக் கூடாது. முழுசாக விழித்து, உன்னை அடையாளம் கண்டு, அவளாகக் கேட்கிறவரை ஒரு சொட்டும் வேண்டாம். வெட்டும் கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும் தப்பு. வெங்காயம், செருப்பு முகரக் கொடுப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, குழந்தையைத் தூக்கி உலுக்குவது எல்லாமே வீண்.

அப்புறம் சாவி. சாவியால் பெரிய கெடுதல் இல்லை, பயனும் இல்லை. ஆனாலும் பாட்டி அதை நம்புவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வந்த உடனே எல்லோரும் கத்தி, யாரோ ஓடி, சாவியைத் தேடி எடுத்து வந்து கையில் வைக்கும்போது இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அது தானாக நிற்கும் நேரமும் அதுவே. பாட்டி பார்த்த ஒவ்வொரு முறையும் சாவி "வேலை செய்திருக்கிறது". அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது, அந்த நிமிஷத்தில் அதற்கு நேரமும் இல்லை. சாவியை வைக்கட்டும், திருநீறு பூசட்டும். வாயில் மட்டும் எதுவும் வேண்டாம் என்று இப்போதே, அமைதியாக இருக்கும் ஒரு நாளில், அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லிவிடு. டாக்டர் வாயால் ஒருமுறை சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. அதோடு பாட்டிக்கு ஒரு வேலை கொடு: கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது அவர் பொறுப்பு. கை சும்மா இருந்தால்தான் கரண்டி ஞாபகம் வரும். மந்திரிக்கப் போக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி போய்வந்த பிறகு போகலாம். சூடு போடுகிற இடத்துக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே. நெற்றியிலும் வயிற்றிலும் அந்தத் தழும்போடு வந்த குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன்.

கடிகாரம் ஐந்து நிமிஷத்தைத் தொட்டும் நிற்கவில்லை என்றால் 108. ஐந்தைத் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டிவரும். ஐந்து நிமிஷம் வரை காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. ஒரு முறை நின்று, முழிக்காமலேயே அடுத்தது ஆரம்பித்தால்; வெட்டு நின்ற பிறகும் மூச்சு சீராகவில்லை, உதடு நீலமாகவே இருக்கிறது என்றால்; விழுந்து தலையில் அடிபட்டிருந்தால்; தண்ணீரில் இருக்கும்போது வந்தால், உடனே கூப்பிடு. வெட்டு நின்றபின் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர்கள் சொல்வதை அப்படியே செய். நீ தனியாக இருந்து, பயமாக இருந்தால், முதல் நிமிஷத்திலேயே கூப்பிடு. அதற்காக யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். வண்டி வருவதற்குள் நின்றுவிட்டால் நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

போனில் அழாமல் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் வரிசையாகச் சொன்னால் வண்டி சீக்கிரம் வரும்: "ரெண்டரை வயசுக் குழந்தை, ஃபிட்ஸ், இன்னும் நிக்கலை, அஞ்சு நிமிஷம் ஆச்சு", அப்புறம் தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், உன் நம்பர். காம்பவுண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். யாராவது ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும். இந்த வாசகங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. முகவரியும் அதிலேயே இருக்கட்டும். சொந்த வீட்டு நம்பரே மறந்துபோகும் நேரம் அது.

டூவீலரில் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதே. இரண்டு பேருக்கு நடுவில் குழந்தையை நெருக்கி உட்காரவைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சு அடைக்கும். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடுவதிலும் அதே ஆபத்து. ஆட்டோதான் கிடைத்தது என்றால் மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகம் தெரியும்படி பிடித்துக்கொள்.

நின்ற பிறகு தூங்குவாள். அது பயப்பட வேண்டிய தூக்கம் இல்லை. ஒருக்களித்தபடியே தூங்கட்டும், நீ பக்கத்தில் உட்கார். எழுந்ததும் சிணுங்குவாள், சிறிது நேரம் மிரண்டுபோய்ப் பார்ப்பாள். உடனே நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் காய்ச்சல் எதனால் என்பதுதான் முக்கியம். சளியோ வைரஸோ என்றால் சரி. மூளைக்காய்ச்சலாக இருந்தால் அதற்கான அறிகுறிகள் வேறு: ஒரு மணி நேரம் ஆகியும் சரியாக முழிக்காமல் மயக்கமாகவே கிடப்பது, கழுத்தைக் குனிய முடியாமல் விறைப்பது, விடாத வாந்தி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஒரு பக்கக் கை காலை அசைக்காமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

"மூளை பாதிக்குமா, படிப்பு வருமா" என்று அம்மா கேட்பதாக எழுதியிருந்தாய். பாப்பாவுக்கு வந்ததுபோல் உடம்பு முழுக்க, பதினைந்து நிமிஷத்துக்குள், ஒரு நாளில் ஒரே தடவை வருவதால் அறிவுக்கு எந்தக் குறையும் வராது. மறுபடி வருமா என்றால், மூன்றில் ஒரு குழந்தைக்கு வரும். பாக்கி இரண்டு பேருக்கு வராது. ஐந்தாறு வயதில் நின்றுவிடும். பெரிதான பிறகு வலிப்பு நோயாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், மற்ற குழந்தைகளைவிட அது கொஞ்சமே அதிகம். இப்படிப்பட்ட ஃபிட்ஸுக்கு வழக்கமாக ஸ்கேனும் தேவையில்லை, மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்க்கும் ஈஈஜியும் தேவையில்லை. "ஸ்கேன் எடுக்காம அனுப்பிட்டாங்க" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு அலைய வேண்டாம். காய்ச்சலே இல்லாமல் வந்தால் அப்போது பரிசோதனைகள் வேறு, வைத்தியமும் வேறு.

அடுத்த முறை காய்ச்சல் வரும்போது வீட்டில் என்ன செய்யலாம்? பாராசிட்டமால் கொடுக்கலாம், உடம்பு வலி குறைந்து தண்ணீர் குடிப்பாள் என்பதற்காக. ஆனால் சிரப் பாட்டிலைப் படித்துப் பார். ஒரே பேரில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு, சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். "போன தடவை கொடுத்த அளவு" என்று வேறு பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்கு, நான்கு மடங்குகூட ஆகிவிடலாம். அவளுடைய எடைக்கு எந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளையும் ஃபிரிட்ஜில் ஒட்டு. மெல்லிய துணி போட்டுவிடு. போர்வையை மூடி வேர்க்கவிடுவதும் வேண்டாம், ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை: கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது, துணியில் முடிந்து முகரவைப்பது, யூகலிப்டஸ் தைலம் தேய்ப்பது. கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அதுவே ஃபிட்ஸை உண்டாக்கும் நஞ்சு. தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். யூகலிப்டஸ் தைலமும் அதே வகை. ஃபிட்ஸ் வந்த குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றை அவள்மேல் தடவுவதை நிறுத்திவிடுங்கள். சாமி அலமாரியில் இருக்கும் கற்பூர டப்பா அவள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகட்டும். வெள்ளையாகச் சின்னச் சின்னக் கட்டியாக இருப்பதால் கல்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்கிற வயசு அவளுக்கு.

தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வரும் என்று பயந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஃபிட்ஸ் வந்ததை நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி உன் தூக்கம். அவள் திரும்பிப் படுத்தால்கூட விழித்துக்கொள்கிறேன், மூச்சு இருக்கிறதா என்று விரலை மூக்கருகே வைத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆபத்தென்று நினைத்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடம்பு அதற்குப்பின் சில நாள் காவல் காக்கும். உன் வயதுப் பையனுக்கு மட்டுமல்ல, வளர்ந்த அப்பாக்களுக்கும் வார்டில் இதையே பார்த்திருக்கிறேன். உறைந்து நின்றதும் இதைப் போன்றதுதான். என்ன செய்வதென்று சொல்லிக்கொடுக்கப்படாத யாரும் அப்படித்தான் நிற்பார்கள். பழகினால் மாறும். ஒரு சின்னத் தலையணையை எடுத்துப் பாப்பா என்று வைத்துக்கொண்டு, பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடித்துப் பார்: தரையில் இறக்கு, ஒருக்களி, போனில் கடிகாரம், பாட்டி கதவுக்கு. சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. கை ஒருமுறை செய்ததை மறக்காது.

காய்ச்சல் இல்லாத ராத்திரிகளில் காவல் தேவையே இல்லை. அவளுக்கு வந்தது காய்ச்சலோடு வருகிற வகை. காய்ச்சல் உள்ள ராத்திரிகளில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் படுக்கட்டும்; நைட் ஷிஃப்ட் இருந்தால் அப்பாவும் அம்மாவும் முறை மாற்றிக்கொள்ளட்டும். இதை நீ கேட்கலாம், கேட்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது சரியில்லை என்று உன் அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல். ஒரு மாதம் ஆகியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கமும் படிப்பும் கெடுகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசு. அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அம்மா "பொட்டப்புள்ள, வெளிய சொல்லாதே" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறாய். அவர் பயம் புரிகிறது, கல்யாணப் பேச்சு வரை அவர் மனம் ஓடிவிட்டது. காய்ச்சலில் வந்துபோகும் இது வலிப்பு நோயே அல்ல. வலிப்பு நோயாகவே இருந்தாலும் அதைக் காட்டி, நடந்த கல்யாணம் செல்லாது என்று கேட்கும் வழியை 1999-லேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அங்கன்வாடி டீச்சருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரிந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் யாராவது கரண்டியைத் தேடுவார்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நீயும் கூடப் போ. நிற்காத ஃபிட்ஸை நிறுத்துவதற்கு, வீட்டில் வைத்துக்கொள்ள மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வேண்டுமா என்று கேள். எல்லாக் குழந்தைக்கும் எழுத மாட்டார்கள். ஆஸ்பத்திரி தூரமாக இருந்தாலோ, முன்பு நீண்ட நேரம் வந்திருந்தாலோ எழுதுவார்கள். சிலர் காய்ச்சல் வரும் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும், ஃபிட்ஸ் வராமல் தடுக்க குளோபசாம் மாத்திரை எழுதுவதும் உண்டு, அதில் குழந்தை கொஞ்சம் தள்ளாடும், தூங்கி வழியும். ஸ்பிரே எழுதிக்கொடுத்தால் எத்தனை நிமிஷத்தில் அடிப்பது, எந்த மூக்கில் எத்தனை தடவை என்பதை அங்கேயே உன் கையால் செய்துகாட்டி உறுதிசெய்துகொள். கம்பெனிக்குக் கம்பெனி ஒரு தடவை அழுத்தினால் வரும் அளவு மாறும். மருந்துக்கடையில் வேறு பிராண்டு கொடுத்தால் திரும்பப் போய்க் கேட்காமல் அடிக்காதே. பாப்பாவின் எடை கூடக் கூட அளவையும் மாற்ற வேண்டும். டப்பாவில் உள்ள காலாவதித் தேதியை அந்த ஃபிரிட்ஜ் தாளிலேயே எழுதி வை.